பெரிய கடைகள் மூடிய பிறகு எல்பி, ஈபி, சிடி எங்கே வாங்குகிறீர்கள்?

ஈரோட்டுத்தறி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தவறிய பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 43 இசைத்தட்டுகள். முக்கால்வாசி நான்கு பாட்டுள்ள சின்னத் தட்டான ஈபி, மிச்சம் பெரிய தட்டான எல்பி. ஒவ்வொரு உறையின் பின்னாலும் வாங்கிய தேதியையும் ஊரையும் நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். '12.1.79 கோவை', 'சேலம், தீபாவளி 81', இப்படி. கடைசித் தட்டில் 1986 என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு பிளேயர் வாங்கினேன். இப்போது அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர வேண்டும் என்று ஆசை. 86க்குப் பிறகு வந்த இளையராஜா பாடல்கள்தான் முதலில் வேண்டும். எல்பி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஒழுங்கான சிடி.

சென்னையில் படித்தபோது நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க், ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்டு இரண்டும்தான் எனக்குத் தெரிந்த கடைகள். இரண்டும் இன்று இல்லை. பெரிய ஷாப்பிங் தளங்களில் தேடினால் பென்டிரைவும் பாட்டு ஏற்றிய ரேடியோப் பெட்டியும்தான் வருகின்றன. நீங்களெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்?

ஊசிமுனை:

தம்பி, அப்பாவின் கையெழுத்துள்ள உறைகளைப் பிளாஸ்டிக் மேலுறையில் போட்டு வையுங்கள். தட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் போல நிற்க வையுங்கள். அடுக்கினால் கீழே இருப்பது வளைந்துவிடும்.

சென்னைக்கு வந்தால் முதலில் மூர் மார்க்கெட். பழைய செங்கல் கட்டடம் 1985 தீயில் போய்விட்டது. அதற்குப் பிறகு கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியம் பக்கம் நடந்தால் வந்துவிடும். பழைய புத்தகம், கடிகாரம், கிராமபோன் நடுவில் தட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துப் போகிற இடமில்லை, ஒருவரிடம் கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார்.

ஒன்று சொல்கிறேன். அங்கே போய் 'இந்தப் படம் இருக்கா?' என்று கேட்காதீர்கள். கேட்ட உடனே அது உங்களுக்கு அவசியம் வேண்டும் என்று தெரிந்துவிடும், விலையும் அதற்கேற்ப ஏறும். 'தமிழ் எல்பி இருக்கிறதெல்லாம் காட்டுங்க' என்று கேட்டு, கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் 22 வருடமாகப் போகிறேன், மூன்றில் இரண்டு முறை வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறேன்.

தட்டைப் பார்க்கும் முறை:

வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள், மங்கிய டியூப்லைட்டில் ஒன்றும் தெரியாது. கீறல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்பட்டால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று அடிக்கும். கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பார்த்தால் வளைவு தெரியும். எல்லாவற்றையும்விட நடு ஓட்டையைப் பாருங்கள். லேபிளில் ஓட்டையைச் சுற்றி மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால், பிளேயர் கம்பியில் கண் பார்க்காமல் பலமுறை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை முறை ஓடிய தட்டு என்பதை அது சொல்லிவிடும். மேலே பளபளப்பாகத் துடைத்து வைக்கலாம், அந்தக் கோட்டை யாராலும் அழிக்க முடியாது.

86ல் ஏன் நின்றது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. அப்பா டேப் ரெக்கார்டர் வாங்கியிருப்பார்.

ஈரோட்டுத்தறி:

ஆமாம் ஐயா! ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு பழைய டூ-இன்-ஒன் வீட்டில் இன்னும் இருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லை.

ஊசிமுனை:

ஊரே அப்படித்தான் மாறியது. எண்பதுகளின் நடுவில் கேசட் விலை விழுந்தது, தட்டு வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், கம்பெனிகளும் தட்டு அடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு தமிழ் எல்பி கிட்டத்தட்ட நின்றுபோனது. இதனால்தான் 1978ல் இன்ரெக்கோ கம்பெனி வெளியிட்ட தட்டு எளிதாகக் கிடைக்கும், 1988ல் எக்கோ கம்பெனி வெளியிட்ட தட்டு கண்ணில் படாது. எழுபதுகளின் தட்டை வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்த தட்டை வீட்டுக்காரர்கள் அதிகம் வாங்கவில்லை. அப்படியானால் யார் வாங்கினார்கள் என்று யோசித்தால் உங்களுக்கு வழி கிடைக்கும்.

மணப்பாறைமைக்செட்:

அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதுதான் தொழில். என் தாத்தாவும் பெரியப்பாவும் மைக்செட் வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தட்டுதான். புதுப் படத்தின் தட்டு இல்லாத மைக்செட்டை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் படம் வரும் முன்பே தட்டு வாங்கியாக வேண்டும். பெரியப்பாவின் தகரப் பெட்டிகளில் 600 தட்டுக்கு மேல் இருந்தன. கதை வசன எல்பி மட்டும் தனிப் பெட்டி. திருவிழா ராத்திரியில் வசனத் தட்டு போட்டால் ஊரே உட்கார்ந்து கேட்கும்.

ஆனால் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்செட் தட்டு உழைத்துத் தேய்ந்த தட்டு. மாட்டுவண்டியிலும் டெம்போவிலும் போய், புழுதியில் கிடந்து, பிளேயரின் கனமான பிக்கப் கையும் மழுங்கிய ஊசியும் பட்டு ஓடியது. ஊசி ஓடும் பள்ளமான காடி சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். சத்தமான இடங்களில் பாடகியின் குரல் பிசிறும். கழுவினாலும் அது சரியாகாது, அழுக்கு இல்லை அது, தேய்மானம். உறைகூட இருக்காது, பழுப்புக் காகிதத்தில் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியது ரெக்கார்டிங் சென்டர்களை. எண்பதுகளில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு மூன்றாவது இருக்கும். வெள்ளைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அவர்களிடம் இருந்தது எல்பி. கேசட் காலத்திலும் எல்பி வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்தான், ஏனென்றால் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் இரைச்சல் கூடிவிடும். நல்ல கேசட் டெக், நல்ல ஊசி, கண்ணாடி அலமாரி, வெளியூர்ப் பயணம் கிடையாது. பல முறை ஓடியிருக்கும், ஆனால் கவனமாக ஓடியிருக்கும். உங்கள் 86க்குப் பிறகான ஆண்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கடைகள் இன்று செல்போன் ரீசார்ஜ் கடையாகவும் ஜெராக்ஸ் கடையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதே குடும்பம்தான். பெரியவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். மொத்தமாகக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், அது அவர் வாழ்க்கை. என் பெரியப்பா தட்டுகளை ஒரு வியாபாரி கிலோ கணக்கில் கேட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மயிலைமாடம்:

சினிமா பக்கம் பேசியாகிவிட்டது, கர்நாடக இசைக்கு நான் சொல்கிறேன்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் அருகே கிரி டிரேடிங் ஏஜென்ஸியில் பக்திப் பாடல், ஸ்தோத்திரம், கச்சேரி சிடிக்கள் நிறைய வாங்கியிருக்கிறேன். முன்பு பெரிய பிரிவாக இருந்தது, இப்போது போகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். டிசம்பர் சீசனில் சபா வாசல்களில் முன்பெல்லாம் சிடி மேசைகள் வரிசையாக இருக்கும், கச்சேரி முடிந்து வெளியே வருகிற கூட்டம் அப்படியே நின்று வாங்கும். அந்த மேசைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இருந்தாலும் சில கலைஞர்கள் தாங்களே வெளியிட்ட சிடியைக் கச்சேரிக்கு எடுத்து வருகிறார்கள். இடைவேளையில் கேட்கத் தயங்க வேண்டாம், அவர்களிடம் நேரில் வாங்கும் பணம் முழுவதும் அவர்களுக்கே போகிறது.

எனக்கு மிகப் பிடித்தது சார்சூர் என்ற கம்பெனியின் வெளியீடுகள். ஸ்டூடியோவில் எட்டு நிமிடக் கீர்த்தனையாக அடக்காமல், நேரடிக் கச்சேரியை ராகம், நிரவல், தனி ஆவர்த்தனத்தோடு இரண்டு மூன்று சிடியாகப் போட்டார்கள். பழைய வித்வான்களின் கச்சேரிப் பதிவுகளும் அதில் வந்தன. அச்சில் இல்லாதவற்றை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுங்கள். அப்புறம் அகில இந்திய வானொலி தன் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியிட்ட சிடிக்கள். சென்னை நிலையத்திலேயே வாங்கியிருக்கிறேன். எளிமையான அட்டை, உள்ளே இருப்பது பொக்கிஷம்.

இன்னொரு வழி, சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மயிலாப்பூர், மாம்பலத்தில் பெரியவர்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். சங்கீதம் கேட்ட வீடுகளின் எல்பி அநேகமாகப் புதிது போல இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை பூஜைக்குப் பிறகு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அவை பழைய பேப்பர் கடைக்குப் போகிற கதைதான் அதிகம். உங்கள் பகுதிப் பேப்பர் கடைக்காரரிடம் எண்ணைக் கொடுத்து, தட்டு வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் கடைக்காரர் வருடத்தில் இரண்டு முறையாவது கூப்பிடுகிறார்.

நேர்வழி:

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். இந்தப் பாட்டெல்லாம் செயலியில் இருக்கிறதே? மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் எல்லாம் வருகிறது. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து தேடுவதன் பயன் என்ன?

ஊசிமுனை:

நியாயமான கேள்வி. நானும் பயணத்தில் செயலியில்தான் கேட்கிறேன்.

மூன்று காரணம் சொல்வேன். ஒன்று, செயலியில் இருப்பது இன்று இருக்கும், உரிமை கைமாறினால் நாளைக்கு இருக்காது. என் பட்டியலில் சாம்பல் நிறமாகிப்போன பாடல்கள் எத்தனையோ. இரண்டு, எந்தப் பிரதியிலிருந்து ஏற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது. பழைய தமிழ்ப் பாடல்களில் பல, கேசட்டிலிருந்து எடுத்து இரைச்சல் நீக்கும் மென்பொருளால் தேய்த்தவை. இரைச்சலோடு தம்புராவும் போய்விடும், வயலினின் மேல்சுருதியும் போய்விடும். மூன்று, உறை. யார் வாசித்தார்கள், யார் எழுதினார்கள், எங்கே பதிந்தார்கள் என்பதைப் பல தட்டுகளின் பின்னட்டையில் போட்டிருப்பார்கள். செயலியில் ஒரே பாட்டுக்கு மூன்று பாடகர் பெயர் பார்த்திருக்கிறேன். பாடியவர் பெயரைத் தப்பாகப் போடுவது சின்னப் பிழை இல்லை.

கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் 86க்குப் பிறகான சிடிக்களுக்கு எங்கள் பக்கம் வந்தாக வேண்டும் ஐயா.

காரணம் எளிது. எண்பதுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் சிடி பிளேயர் இருந்திருக்கும்? அப்போது வந்த தமிழ் சிடிக்களை வாங்கியவர்கள் மலேசியா, சிங்கப்பூர், லண்டன், கனடா தமிழர்கள்தான். அமெரிக்காவின் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ், சென்னையின் பிரமிட், எங்கள் நாட்டு அகி மியூசிக், இவர்கள் வெளியீடெல்லாம் எங்கள் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகளில் முன்பு சுவர் முழுக்கத் தொங்கும். கடைகள் குறைந்துவிட்டன, ஆனால் சரக்கு அழியவில்லை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய பொருள்களோடு இசைத்தட்டுகளும் வரும். சீன வியாபாரிகள்தான் அதிகம். அவர்களுக்குத் தமிழ்த் தட்டின் அருமை தெரியாது என்று நினைத்துப் போகாதீர்கள், நன்றாகவே தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களின் வீடுகளில் எம்ஜிஆர், சிவாஜி படப் பாடல் ஈபிக்கள் இருக்கும். என் பாட்டி பால்மரம் வெட்டிய காசில் வாங்கியது எங்களிடம் இன்னும் 11 இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டோம், ஆனால் கேட்க விரும்புகிறவர் வீட்டுக்கு வரலாம்.

லாசப்பல்குயில்:

பாரிசில் இருந்து. கிள்ளான்வாசி சொன்னதுதான் இங்கேயும். லா சப்பலில் தமிழ்க் கடைகளில் ஒரு காலத்தில் இறுவட்டும் (சிடி) டிவிடியும் குவிந்து கிடந்தன. இப்போது மளிகைக் கடையின் கடைசித் தட்டில் தூசியோடு இருக்கும் சிலவற்றைக் கேட்டு வாங்கலாம். நான் அப்படி உறை பிரிக்காத நான்கு இறுவட்டுகள் எடுத்தேன்.

என் தேடல் வேறு. எழுபதுகளின் ஈழத்துப் பொப்பிசை, நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்து, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய தட்டுகள். யுத்தத்தில் வீடு விட்டு ஓடிய சனங்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது? ரெக்கோட் பெட்டியையா? அதனால் ஊரில் மிஞ்சியது மிகக் குறைவு. மிஞ்சியவை பெரும்பாலும் கொழும்பிலும், முன்னமே வெளிக்கிட்டவர்களின் வீடுகளிலும்தான் இருக்கின்றன. இணையத்தில் பழைய தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் சிங்களத் தட்டுகளோடு கலந்து பட்டியலிட்டிருப்பார்கள். பாடகர் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். பாவித்த தட்டுத்தான், ஆனால் எங்கள் குரல்.

மயிலைமாடம்:

டிஸ்காக்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. அந்தத் தளத்தில் தட்டின் நிலையைக் குறிக்க 'மின்ட்', 'நியர் மின்ட்', 'விஜி பிளஸ்' (வெரி குட் பிளஸ்), 'விஜி', 'குட்' என்று மேலிருந்து கீழாக வரிசை உண்டு. 'குட்' என்றால் நல்லது என்று நினைத்து என் தங்கை ஒரு வீணை எல்பி வாங்கினாள். அந்த வரிசையில் 'குட்' என்பது கிட்டத்தட்ட அடிமட்டம். 'விஜி பிளஸ்'ஸுக்குக் கீழே இருந்தால், இசையில் மௌனம் அதிகமுள்ள வீணை, ஆலாபனைத் தட்டுகளை வாங்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்கவரியும் வரலாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது தட்டை வெளியுறையை விட்டு எடுத்து, உள்ளுறையோடு தனியாக வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு உறையைக் கிழித்துவிடும்.

சிடியில் வேறு தொல்லை. ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய 'பழைய ஒரிஜினல்' சிடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இளம்பச்சை. அது கணினியில் எரித்த தட்டு. அட்டையை வண்ணத்தில் பிரதியெடுத்து வைத்திருந்தார். ஆலையில் அச்சடித்த சிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், நடு வளையத்தில் கண்ணாடி போன்ற பட்டையில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். வாங்கும் முன் அந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய சிடியை உடனே கணினியில் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுத்து வையுங்கள், பழைய சிடிக்கள் சில விளிம்பிலிருந்து பழுப்பேறிப் பாழாகின்றன.

ஈரோட்டுத்தறி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மணப்பாறை அண்ணன் சொன்னதை நம்பிப் போன ஞாயிறு கோபி (கோபிச்செட்டிபாளையம்) போனேன். அப்பா உறைகளில் இரண்டில் கோபி என்று எழுதியிருந்ததால் அங்கே ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விசாரித்தேன், மூன்றாவது ஆள் ஒரு ஜெராக்ஸ் கடையைக் காட்டினார். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அப்பாவின் உறை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், பின்பக்கம் திருப்பிக் காட்டினேன். இது நான் விற்றதில்லை, எதிர்க்கடைக்காரர் விற்றிருப்பார், அவர் இப்போது இல்லை என்றார்.

அப்புறம் மாடிக்குக் கூட்டிப் போனார். எக்கோ எல்பி மட்டும் இரண்டு வரிசை. உறையின் முதுகில் வருடம் எழுதி ஒட்டியிருந்தார், 85, 86, 87, 88. ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஐந்து தட்டு கொடுத்தார். விலையை நான் பேரம் பேசவில்லை. அடுத்த மாதம் வா, மிச்சத்தைத் துடைத்து வைக்கிறேன் என்றார். ஐந்திலும் லேபிள் ஓட்டையைச் சுற்றிக் கோடே இல்லை, ஊசிமுனை ஐயா.

பின்னட்டையில் தேதியும் 'கோபி' என்றும் எழுதிவிட்டேன். நீல மை கிடைத்தது.

ஒரு சந்தேகம். பெரியவர் கிளம்பும்போது எம்.கே.டி. பாகவதர் தட்டு இரண்டு சும்மாவே கொடுத்தார். கனமாக, தடிமனாக இருக்கிறது, 78 என்று போட்டிருக்கிறது. என் பிளேயரில் 78 வேகம் இருக்கிறது. போடலாமா? ஒரே அழுக்கு, ஸ்பிரிட்டில் துடைக்கலாமா?

ஊசிமுனை:

நில்லுங்கள், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்! அது எல்பி போல வினைல் பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரையும். மெல்லிய துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காடி போகிற வட்டத்திலேயே துடைத்து உடனே ஈரம் ஒற்றி எடுங்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும், இரண்டு கையாலும் பிடியுங்கள்.

வேகம் மட்டும் இருந்தால் போதாது, ஊசியும் மாற்ற வேண்டும். 78 தட்டின் காடி எல்பியைவிட மூன்று நான்கு மடங்கு அகலம். எல்பி ஊசி அடியில் போய் உரசும், இரைச்சல்தான் வரும், ஊசியும் பாழ். உங்கள் பிளேயரின் தலைப்பகுதி மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், அதற்குப் பொருந்தும் 78 ஊசி எது என்று பார்த்துச் சொல்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தால் நானே வாங்கி கூரியரில் அனுப்புகிறேன். அதுவரை அந்த இரண்டையும் போடாதீர்கள்.